கையுறை இல்லாத தட்டுவடை செட் வண்டி

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் சேலத்தில் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு வண்டியைக் கை காட்டுவார்கள். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கட்சி. கல்யாணச் சமையலில் காலம் தள்ளியவன் என்பதால் நான் முதலில் பார்ப்பது போடுகிறவர் கையைத்தான்.

அம்மாபேட்டைப் பக்கம் புருஷனும் பொண்டாட்டியும் நடத்துகிற வண்டி இது. அந்தம்மா செட் மட்டும் போடுவார். காசு முழுக்க வீட்டுக்காரர் பாடு. க்யூஆர் அட்டையும் அவர் பக்கம்தான் தொங்குகிறது. அந்தம்மா கையுறை போடுவதில்லை. எனக்கு அதில் குறையே இல்லை. கையுறையோடு நோட்டை வாங்கி, சில்லறை கொடுத்து, அதே கையால் வெங்காயம் அள்ளுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

தட்டுவடையால் வயிற்றுக்கு வம்பு வராது. எண்ணெயில் வெந்து ஈரம் வற்றிய பண்டம், கிருமி பெருக அதில் வழியில்லை. வம்பெல்லாம் நடுவில் வைக்கிற பச்சைச் சமாச்சாரத்தில்தான்: பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், இரண்டு சட்னி. கழுவின தண்ணீர், நறுக்கின கை, வெளியில் கிடந்த நேரம் எல்லாம் அப்படியே உள்ளே போகும். இங்கே துருவலை மலையாகக் குவித்து வைப்பதில்லை. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம். தீர்ந்தால் அங்கேயே துருவுகிறார். சட்னி தீர்ந்ததும் அதே கிண்ணத்தில் ஊற்றாமல் கிண்ணத்தையே மாற்றினார், பாருங்கள், அங்கேதான் விழுந்துவிட்டேன். பழசின் மேல் புதுசை ஊற்றிக்கொண்டே போனால் சாயங்காலச் சட்னி கடை கட்டும்வரை அடியில் கிடக்கும். பந்தியில் இதற்காகவே பசங்களைத் திட்டியிருக்கிறேன்.

பூண்டுக் காரச் சட்னி தூக்கல். புதினாவில் புளிப்பு கம்மி. செட் 30 ரூபாய். தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கலுக்கு முட்டையைக் கேட்ட பிறகுதான் உரிக்கிறார், தைரியமாகச் சாப்பிடலாம்.

துடைக்கிற துணி மட்டும் சகிக்கவில்லை. தட்டு, பலகை, கை மூன்றுக்கும் அதே ஒரு ஈரத்துணி. கிண்ணத்தையே மாற்றுகிறவருக்கு ரெண்டு துணி மாற்ற என்ன கஷ்டமோ! பார்சலுக்குப் பழைய நியூஸ்பேப்பர் வேறு. அச்சு மை எண்ணெய்ப் பண்டத்தில் ஒட்டும். 2018 பேக்கேஜிங் விதிமுறையிலேயே இதற்குத் தடை உண்டு. "இலையில் கட்டலாமேம்மா?" என்று கேட்டேன். "இலை விக்கிற விலைக்கு முப்பது ரூபாயில எங்கீங்கண்ணா கட்டுது?" என்றார். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும் வண்டியில் கண்ணில் படவில்லை.

பார்சல் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோங்கள், முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார். ஏழு மணிக்கு முன்னால் போவது நல்லது. அப்புறம் கூட்டம் சேர்ந்து, துருவுகிற அவசரத்தில் கேரட் கட்டை கட்டையாக விழுகிறது.