முகாமா, அயலார் வீடா? வெளிநாடு செல்லும் தன்னார்வலருக்கான பயிற்சிகள்

வெளிநாட்டில் தொண்டாற்றப் புறப்படும் இளைஞர்கள் உதவித்தொகையையும் ஊரையும் பற்றி விசாரிக்கிறார்கள். பயிற்சி எங்கே நடக்கிறது, எப்போது முடிகிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஜப்பான் அரசின் பன்னாட்டு உதவி அமைப்பான ஜைக்காவின் தன்னார்வலர் திட்டம் 1965இல் தொடங்கியது. முதல் அணி லாவோஸுக்குப் போனது. ஜப்பானிலேயே உள்ள நிஹொன்மட்சு, கொமகனே பயிற்சி மையங்களில் ஏறத்தாழ 70 நாட்கள் தங்கிப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். பெரும்பொழுது மொழி வகுப்புக்கே போகிறது. கவனம் சிதறாது, இலக்கணம் ஊன்றும். ஆனால் வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். சந்தையில் யார் அப்படிப் பேசப்போகிறார்கள்?

அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோரும் 1961இல் இப்படித்தான் தொடங்கியது. கானாவுக்குச் சென்ற முதல் அணி பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்றது. பிறகு பயிற்சியையே பணிபுரியும் நாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்று மொத்தம் 27 மாதக் காலத்தில் முதல் மூன்று மாதம் பயிற்சி. பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டும். அது முடிந்து உறுதிமொழி எடுத்த பிறகுதான் தன்னார்வலர் என்ற பெயரே கிடைக்கும்.

அந்த வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பகலில் 'போதும்' என்ற சொல்லைப் படித்தவர், இரவுச் சாப்பாட்டில் அதைத் தவறாக உச்சரிக்கிறார். தட்டில் இன்னொரு கரண்டி விழுகிறது. வீட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிக் காட்டுகிறது. அந்தச் சொல் இனி மறக்காது. தான் உதவ வந்தவர் மட்டுமல்ல, பிறர் தயவில் வாழ்பவரும்கூட என்பதும் அங்கேயே புரிந்துவிடுகிறது. எந்த முகாமாலும் இதைக் கற்றுத்தர முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியின் வெல்ட்வெர்ட்ஸ் தன்னார்வலர் திட்டம் 2008இல் வந்தது, 18 முதல் 28 வயதினருக்கானது. ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது 25 கருத்தரங்க நாட்கள். அவற்றைப் புறப்படும் முன், பணியின் நடுவில், ஊர் திரும்பிய பின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மொழிக்கு இது போதவே போதாது. சொந்த முயற்சியில் படித்துக்கொண்டு போவதே நல்லது. ஆனாலும், திரும்பிய பின் நடக்கும் அந்தக் கூடல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டார் "எப்படி இருந்தது?" என்று கேட்டு, இரண்டு நிமிடத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அங்கே செய்த பிழையை, பிரிந்து வந்த குழந்தைகளை, 'நான் போனதால் யாருக்கு என்ன பயன்?' என்ற உறுத்தலை, அதே பாதையில் போய்வந்தவர்களிடம்தான் மனம் திறந்து பேச முடியும்.

இரண்டு ஆண்டு கிராமத்தில் பாடம் நடத்தப் போகிறவருக்குப் பீஸ் கோரின் முறையைத் தயங்காமல் சொல்வேன். கைத்தொழிலோ செவிலியர் பணியோ தெரிந்து, மொழி மட்டும் தடையாக இருப்பவருக்கு ஜப்பானிய முகாம் ஏற்றது. பள்ளி முடித்த கையோடு கிளம்பும் 18 வயதுப் பிள்ளை என்றால் ஜெர்மானிய ஏற்பாடுதான். அந்த வயதில், திரும்பி வந்ததும் உட்காரவைத்துக் கேட்க ஆள் வேண்டும்.