முன்னால் 28, பின்னால் 34: ஏலகிரி ஏற்றத்தில் மூன்று ஆண்டுகள்

திருப்பத்தூர் – வாணியம்பாடி சாலையில் பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்குப் பிரியும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கம்பர், கபிலர் போன்ற புலவர்களின் பெயர்களையும் பாரி, பேகன் போன்ற வள்ளல்களின் பெயர்களையும் அவை தாங்கி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சைக்கிள் மிதிக்கும் நான், நாற்பத்து மூன்றாம் வயதில் முதன்முறை அங்கே சென்றபோது, ஐந்தாவது வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினேன். காலில் வலு இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் பாதித் தவறு கியரிலும் மீதித் தவறு அவசரத்திலும் இருந்தது என்பது விளங்க எட்டு மாதங்கள் ஆயின.

என்னுடையது சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். வாங்கியபோது முன்னால் 48, 38, 28 பற்கள் கொண்ட மூன்று வட்டுகளும், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரையிலான ஏழு பல்சக்கரங்களும் இருந்தன. இருப்பதிலேயே இலேசான கியரில்கூட (முன்னால் 28, பின்னால் 28) பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரமும் ஒரு முழுச் சுற்று சுற்றி, வண்டி சுமார் 2.17 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்ற வசதியான கணக்கில் மிதித்தால் வேகம் மணிக்கு 9 கி.மீ. ஆகிவிடும். சமவெளியில் இது ஒரு வேகமே அல்ல. ஆனால் ஆள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 95 கிலோ எடையை 6 சதவீதச் சரிவில் இதே வேகத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 160 வாட் திறன் வேண்டும்; ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து அதைக் கொடுக்க என் உடலால் முடியாது. ஆகவே மிதிப்பு 50 சுற்றுக்கும் கீழே இறங்கும்; ஒவ்வொரு மிதியும் முழங்காலின் முன்பகுதியை அழுத்தும்; மறுநாள் மாடிப்படி இறங்கும்போது அது தன் கணக்கைக் கேட்கும்.

வாங்கிய கடையில் கேட்டபோது, எடை குறைந்த புதிய சைக்கிளுக்கு மாறச் சொன்னார்கள். இரண்டு கிலோ குறைந்தால் மொத்தச் சுமையில் குறைவது இரண்டு சதவீதம்தான் என்பதால், அந்தச் செலவுக்கு மனம் ஒப்பவில்லை. மாறாக, கடைசிப் பல்சக்கரத்தில் மட்டும் 34 பல் கொண்ட மெகாரேஞ்ச் ஃப்ரீவீலையும் (பின்புறப் பல்சக்கரத் தொகுதி), செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றுகிற, அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்கக்கூடிய பின்புற டிரெய்லியரையும், சற்று நீளமான செயினையும் வேறொரு மெக்கானிக்கிடம் போட்டுக்கொண்டேன். இப்போது அதே 70 சுற்றுக்கு வேகம் 7.5 கி.மீ.; தேவைப்படும் திறன் 130 வாட் அளவில் நின்றுவிடுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. 24 பல்லுக்கு அடுத்தது நேரே 34 என்பதால், மாற்றிய கணத்தில் கால்கள் பிடிமானம் இல்லாமல் சுழல்கின்றன. சரிவு கடுமையாவதற்குச் சற்று முன்பே, மிதிப்பின் அழுத்தத்தைத் தளர்த்தி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கத்தும், சில நேரம் கழன்றும் விடும்.

கியருக்குப் பிறகும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது தொடக்க வேகம். அடிவாரத்தில் உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது மெதுவாகப் போவது கூச்சமாகவே இருந்தது; இளைஞர்கள் கடந்து போகும்போது கால்கள் தாமாகவே முடுக்கிக்கொண்டன. முதல் மூன்று வளைவுகளில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற அளவிலேயே மிதிப்பது என்று பிறகு விதி வைத்துக்கொண்டேன். வளைவின் பெயரையே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அருகில் குரங்குகளைத் தவிர வேறு யாரும் இல்லாதவரை அதில் வெட்கமில்லை. முதன்முறை இறங்கித் தள்ளாமல் மலைமேலுள்ள அத்தனாவூர் சேர்ந்தபோது, நான்கு இடங்களில் நின்று 2 மணி 10 நிமிடங்கள் ஆயின. இப்போது நிற்காமல் 1 மணி 35 நிமிடங்களில் ஏறுகிறேன்.

வளைவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடதுபுறம் செல்லும் நமக்கு, இடப்பக்கம் திரும்பும் வளைவின் உள்விளிம்புதான் மிகச் செங்குத்தானது. எதிரிலும் பின்னாலும் வண்டி இல்லை என்பது உறுதியானால் மட்டுமே சற்று அகலமாகச் சுற்றுகிறேன். பேருந்தின் ஹாரன் கேட்டால், உள்விளிம்பிலேயே இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்துக் கடக்கிறேன். அப்படி எழும்போது கியரை ஒரு படி கனமாக்கிக்கொள்வது நல்லது. இலேசான கியரில் எழுந்தால் உடல் முன்னால் தடுமாறும்.

உணவில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. விடியற்காலை இரண்டு வாழைப்பழம், வழியில் கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் இரண்டு பாட்டில். இட்லி மேலே போன பிறகுதான்.

இறக்கத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ரிம்மைக் கவ்வும் பிரேக் என்பதால், தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், விரல்களும் மரத்துப்போகும். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிடும் பழக்கத்துக்கு இரண்டாம் ஆண்டில்தான் வந்தேன். பிரேக் கட்டைகளை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். ஃப்ரீவீல் இன்னும் அதேதான். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏறுவதில் எனக்குத் தயக்கமில்லை, இறங்கும்போது இந்தக் கைகளை நம்பலாமா என்பதை இன்னும் சில ஞாயிறுகள் ஏலகிரியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.