மூச்சுக் காற்று பம்ப் என்று சொல்லி எண்ணெய் கம்ப்ரெசரைத் தலையில் கட்டிவிட்டார்கள்: பெயிண்டிங் பட்டறைக்காரர்கள் கவனம்

ரூ.48,500 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் எனக்கே ‘போனது போகட்டும்’ என்று தோன்றிவிடும். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை. பணத்தோடு என் தம்பியின் உயிரும் போயிருக்கும்.

கோவையில் சின்னதாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பெயிண்ட் அடிக்கும் அடைத்த அறையான பூத்துக்குள் நானும் தம்பியும்தான். கார் பெயிண்டில் மேலே பளபளப்புக்கு அடிப்பது இப்போது பெரும்பாலும் டூகே கிளியர்தான், இரண்டு திரவங்களைக் கலந்து அடிப்பது. அதில் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. போபாலில் 1984-ல் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். நம் ஹார்டனரில் இருப்பது அது இல்லை, ஆனால் அதே குடும்பம். ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே இழுப்பு வந்துவிடும். எனக்கு ஸ்பிரே கன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாமா அப்படித்தான் 46 வயதில் தொழிலையே விட்டார். இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார்.

கார்ட்ரிட்ஜ் மாஸ்க், அதாவது வடிகட்டி டப்பா மாட்டிய மாஸ்க், போதாதா என்று கேட்பீர்கள். ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருக்கும்போதும் மூக்குக்குத் தெரியாது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனாலும் தெரியாது. அதனால்தான் வெளியிலிருந்து நல்ல காற்றை ஹோஸ் வழியாக மாஸ்க்குக்குத் தள்ளும் பம்ப் வாங்க முடிவு செய்தேன். இதற்கென்றே வரும் பம்ப்பில் கார்பன் தகடுகள் சுழலும், சொட்டு எண்ணெய் கிடையாது. மூச்சுக்குப் போகிற காற்றில் எண்ணெய் கலக்கக்கூடாது என்பதுதான் அதன் முதல் கணக்கே.

தொழிற்சாலைப் பொருட்களை மொத்த விலைக்கு விற்கும் ஒரு இணையதளம். பேரைச் சொல்லவில்லை. விற்பனையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக் இருந்தது. போன் போட்டேன். ‘எண்ணெய் இல்லாத பம்ப்தானே?’ என்று மூன்று முறை கேட்டேன். உடனே வீடியோ காலில் வந்தார். ‘அண்ணா, நானே போட்டுக் காட்டுறேன், பாருங்க’ என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். மாஸ்க் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த நிமிடம்தான் நம்பினேன். தன் மூச்சையே வைத்து ஒருவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? அந்த ஹோஸ் அவர் தோளுக்குப் பின்னால் எங்கே போனது, எந்த மெஷினில் மாட்டியிருந்தது என்று காட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை. ரூ.48,500-ஐ அன்று மதியமே மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்த பிறகு பூத்தில் வயரிங் வேலை முடிய எட்டு நாள் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமைதான் முதல்முறை ஓட்டினோம். ஒரு பானெட்டுக்குக் கிளியர் அடிக்கத் தம்பி உள்ளே போனான். இருபது நிமிடம் இருக்கும். கன்னைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். ‘தலை வலிக்குதுண்ணா, வாணலி காஞ்ச மாதிரி வாசம் வருது’ என்றவன் அங்கேயே வாந்தி எடுத்தான். மாஸ்க்கைக் கழற்றி ஹோஸ் முனையில் வெள்ளை டிஷ்யூ ஒன்றைப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். பம்ப் மூடியைத் தொட்டால் கை சுட்டது. நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சாதாரண பிஸ்டன் கம்ப்ரெசர், எண்ணெய் ஊற்றும் மூடியோடு. மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து, ‘ஆயில் ஃப்ரீ’ ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள்.

தம்பிக்கு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். மறுநாள் மில்லில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் நண்பர் கேஸ் மீட்டரோடு வந்தார். பம்ப் சூடானதும் ஹோஸ் முனையில் கார்பன் மோனாக்ஸைடு 34 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 34 பங்கு) காட்டியது. மூச்சுக் காற்றுக்கு அமெரிக்க விதிப்படி உச்சவரம்பு 10 பிபிஎம். எண்ணெய் போட்ட கம்ப்ரெசர் அளவுக்கு மீறிச் சூடானால் எண்ணெய் கருகி இந்த வாயு வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தம்பி மூக்கில் ஏறியது கருகிய எண்ணெய் வாசம். அது வந்ததால்தான் வெளியே ஓடிவந்தான்.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் பதில்: ‘புது மெஷின் அப்படித்தாண்ணா, ரெண்டு நாள் ஓட்டினா சரியாயிடும்.’ இரண்டாவது நாள்: ‘டெக்னீஷியன் வருவார்.’ யாரும் வரவில்லை. மூன்றாவது நாள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை: ‘ஒரு கார்பன் ஃபில்டர் போட்டுக்கோங்க, வாசம் வராது.’ கார்பன் ஃபில்டர் எண்ணெய் ஆவியையும் வாசத்தையும்தான் பிடிக்கும். மோனாக்ஸைடைப் பிடிக்காது, அதற்கு வேறு வினையூக்கி வேண்டும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் வாசம் மட்டும் போயிருக்கும். தம்பி ஒன்றும் தெரியாமல் உள்ளேயே நின்றிருப்பான்.

இணையதளத்தில் புகார் போட்டால் ‘புகாருக்கான ஏழு நாள் முடிந்துவிட்டது’ என்று மூடிவிட்டார்கள். மறுபடி போட்டேன், ‘ஜிஎஸ்டி பில்லில் தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்றார்கள். பாதி உண்மை, பாதி மிரட்டல். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன்.

மூச்சுக் காற்று பம்ப்பை எப்படிப் பார்த்து வாங்கி, பாதுகாப்பாக ஓட்டுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாங்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். பம்ப்பை பூத்துக்குள் வைக்காதீர்கள். ஜெனரேட்டர் புகை, வண்டி சைலன்சர், தின்னர் டப்பா எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் வையுங்கள், அது உறிஞ்சுவதைத்தான் நீங்கள் மூச்சு விடுவீர்கள். டூல் ஓட்டும் கம்ப்ரெசர் லைனில் மாஸ்க்கை மாட்டவே கூடாது. அவசரத்தில்கூட மாட்ட முடியாதபடி மாஸ்க் ஹோஸின் கப்ளிங்கை (இணைப்பு முனையை) வேறு மாதிரி போடுங்கள். மோனாக்ஸைடு அலாரம் வாங்குங்கள். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். கரண்ட் போனால் காற்றும் போச்சு, உடனே வெளியே வந்துவிட வேண்டும். தலை வலித்தால் வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள்.

இன்று காலையும் அந்த நம்பருக்கு அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. அந்த விளம்பரம் இன்னும் பச்சை டிக்கோடு அப்படியே இருக்கிறது. விலை அதே ரூ.48,500.