கவுன்சலிங் அறையா, கோச்சிங் ஒப்பந்தமா?

பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படியில் எதிர்ப்பட்டால், என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "வெளியில் பார்த்தால் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள், டீச்சர்" என்று முதல் நாளே சிலர் சொல்லிவிடுவதுண்டு. (நான் டீச்சர் இல்லை. உட்காரவைத்துப் பேசும் பெண் யாராக இருந்தாலும் இங்கே டீச்சர்தான்.) கோச்சிங்குக்கு வருபவரோ அதே படியில் மனைவியை அழைத்துவந்து, "கம்பெனி எனக்கென்று ஏற்பாடு செய்த கோச் இவர்தான்" என்று பெருமையோடு அறிமுகம் செய்கிறார்.

பன்னிரண்டு ஆண்டுகள் பதிவுபெற்ற ஆலோசகராக (கவுன்சலராக) இருந்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக நிர்வாகிகளுக்கு, வேலையில் மேம்பட உதவும் கோச்சிங்கும் செய்கிறேன். முழுவதும் அந்தப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கும் சக ஆலோசகர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் தகுதி. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருந்தால்தான் ஒருவர் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். மருத்துவ உளவியலாளர்கள், 2016இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாளைக் காலை பசியாறிவிட்டு யார் வேண்டுமானாலும் பெயரட்டை அடித்துக்கொள்ளலாம். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஐசிஎஃப் என்னும் பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழைக் கேட்கின்றன. அதன் முதல் படிக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125, 500. உச்சிப் படிக்கு 200, 2,500. சிகிச்சை அறையில் நாம் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மணி நேரம் இதில் சேராது. முதுகலைப் பட்டத்தோடு போய் அரிச்சுவடி வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு ஒரு மாதம் எரிச்சல் தீரவில்லை.

அடுத்தது பணம். என் அறையில் ஐம்பது நிமிடத்துக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன். கோச்சிங்கில் ஒரு மணி நேரத்துக்கு 900 வெள்ளி. இந்த இரண்டு எண்களைப் பார்த்தே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த 180 வெள்ளி, வந்தவர் எழுந்து போகும்போதே கைக்கு வந்துவிடும். 900 வெள்ளிக்குப் பில் அனுப்பிவிட்டு அறுபது, எழுபது நாள் காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் பொருத்தம் பார்க்கும் சந்திப்பு ஒன்று உண்டு: நிறுவனம் மூன்று கோச்சுகளை வரிசையில் நிறுத்த, மேலாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். பெண் பார்க்கும் படலமேதான், பஜ்ஜி மட்டும் கிடையாது. ஆறு மாத ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சிகிச்சை அறையிலோ, ஒருவருக்குச் சற்றுத் தேறினால் அவரே அண்ணியை அனுப்பிவைப்பார்.

தேவை இருக்கிறதா என்றால், பினாங்கில் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல் அதே ஆண்டு வந்தது. இன்றும் அங்கே நல்ல பொறியாளரைத்தான் மேலாளராக்குகிறார்கள். இயந்திரத்தோடு பேசத் தெரிந்தவர், முப்பது பேரை வைத்து வேலை வாங்கத் தெரியாமல் விழிக்கிறார். அவருடைய மேலதிகாரி அமெரிக்காவில் இருப்பார். கூட்டம் இரவு பத்து மணிக்கு நடக்கும்.

இதையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, பணம் கட்டுவது யார் என்பதுதான். சிகிச்சை அறையில் இரண்டு நாற்காலிகள். கோச்சிங்கில் மூன்றாவது ஒன்று உண்டு. ஆள் வராத நாளிலும் அதில் நிறுவனம் உட்கார்ந்திருக்கும். மேலதிகாரி, மனிதவள அதிகாரி, மேலாளர், நான் என நால்வரும் கூடித்தான் இலக்கை எழுதுகிறோம். ஒருவருக்கு எழுதிய இலக்கு, "கூட்டங்களில் மறுத்துப் பேசப் பழக வேண்டும்." மூன்று சந்திப்புகள் ஆங்கிலத்தில் பேசியவர், நான்காவதில் சட்டென்று தமிழுக்கு மாறினார்: "அப்பா முன்னால் நான் இதுவரை உட்கார்ந்து பேசியதே இல்லை, மேடம்." என் அறையாக இருந்தால் அந்த இடத்தில் அப்படியே தங்கியிருப்பேன். அங்கே, "மேலதிகாரி முன்னாலும் அப்படித்தானா?" என்று பேச்சை அலுவலகத்துக்குத் திருப்பினேன். கேள்வி தவறில்லை, அவருக்கு அது உதவவும் செய்தது. ஆனாலும் அன்று மாலை பாலத்தைத் தாண்டி பிறை ஊருக்குத் திரும்பும்போது, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதுபோல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மனிதவள அதிகாரி கேட்டார்: "அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாமா, மேடம்?" அவரையே கேட்டுப் பாருங்கள் என்றேன். அந்த நிறுவனத்திலிருந்து அடுத்த ஒப்பந்தம் வரவில்லை.

நம்மிடம் ஒரு கோளாறும் உண்டு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். சிகிச்சையாளர் கண்ணுக்குக் கூட்டத்துக்குத் தாமதமாக வருவதும் பால்யகாலக் காயமாகத் தெரியும். சில சமயம் அது வெறும் போக்குவரத்து நெரிசல்தான். இதை எனக்குப் புரியவைத்தவர்கள், வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்னாள் தொழிற்சாலை மேலாளர்கள். அவர்களுக்கு வராத ஒன்று நமக்கு வரும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்லும்போது, இலக்குத் தாளை மூடிவைக்க வேண்டிய நேரம் அது என்று நமக்குத் தெரியும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அச்சம் அவ்வளவு சீக்கிரம் நீங்காது. ஆலோசகரிடம் போகக் கூச்சப்படுபவர் கோச்சிங் வாசல் வழியாக வருவார். அப்படி வந்தவரை நான் என் அறைக்கே அழைத்துக்கொள்வதில்லை. வேறொரு ஆலோசகரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புகிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு வேடம் போட முடியாது.

அடுத்தவர் துயரம் கேட்டுக் களைத்துப்போய் மாற நினைப்பவர்களுக்கு, கோச்சிங் ஓய்வு தராது; அதே துயரம் டை கட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். வருமானத்துக்காக மாறுகிறீர்கள் என்றால் ஓராண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். நிறுவனங்களின் அரசியல் உங்களுக்கு உண்மையிலேயே சுவாரசியம் என்றால் தாராளமாகப் போகலாம். எனக்கு அது வாரம் இரண்டு நாளுக்குத்தான் சுவாரசியம். வியாழனும் வெள்ளியும் பாயான் லெப்பாஸ், மற்ற நாள்களில் ஆயர் ஈத்தாமில் என் சிகிச்சை அறை. ஆலோசகர் சான்றிதழைப் புதுப்பிக்கும் படிவத்தை நேற்றுதான் நிரப்பி அனுப்பினேன்.