நான்கு ஆண்டுகளாக ஓப்பன்பிஎஸ்டி: வேகத்தை விட்டுக்கொடுத்த அனுபவம்

பிறருடைய கிரயப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் மொழிபெயர்ப்புக்காக என் மடிக்கணினிக்கு வருகின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன் லினக்ஸை நீக்கிவிட்டு, பாதுகாப்புக்கு முன்னுரிமை தரும் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவினேன்.

வேகம் குறைந்தது உண்மை. இன்டெல் செயலியின் ஒரே கோரில் (கணக்கிடும் அலகில்) ஓடும் இரண்டு திரெட்கள் (வேலைத்தொடர்கள்) கேஷ் என்ற விரைவு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றின் தரவு மற்றொன்றுக்குக் கசியக்கூடும் என்று கருதி, 2018 முதல், இப்படி ஒரு கோரில் இரண்டு திரெட்களை ஓட்டும் ஹைப்பர்திரெடிங் வசதியை இந்த இயங்குதளம் அணைத்தே வைக்கிறது. ஒரே கட்டளையில் அதை இயக்கிவிடலாம், நான் இயக்கவில்லை. உலாவி தாமதமாகத் திறக்கிறது. கோப்பு முறைமையில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) இல்லாததால், கணினி திடீரென்று அணைந்துவிட்டால் மறுமுறை தொடங்கும்போது வட்டுச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். புளூடூத் வசதி கிடையாது. கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறிக்கொண்டேன்.

முதல் வாரத்தில், மொழிபெயர்த்த கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் இணைக்க முயன்றபோது, ஆவணங்கள் வைத்திருந்த கோப்புறையையே பயர்பாக்ஸ் காட்டவில்லை. பழுது என்று எண்ணி அரை நாள் தேடிய பிறகுதான், ஒரு நிரல் எந்தெந்தக் கோப்புகளைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் ‘அன்வீல்’ என்ற ஏற்பாட்டைப் பற்றி அறிந்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தவிர, என் சொந்தக் கோப்புகள் எதுவும் உலாவியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, ஏதோ ஓர் இணையப்பக்கத்தின் தீய நிரல் உலாவியையே கைப்பற்றினாலும், மற்ற கோப்புறைகளிலுள்ள பத்திரங்களை அதனால் எளிதில் திறக்க முடியாது. எரிச்சலூட்டிய அந்தத் தடைதான் இன்று நான் மிகவும் மதிக்கும் வசதி. அனுப்ப வேண்டிய கோப்பை மட்டும் டவுன்லோட்ஸில் நகலெடுத்து, அனுப்பியதும் அழித்துவிடுகிறேன்.

லினக்ஸில் வேகம் கூட்டுவதற்காக, ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற செயலிக் குறைபாடுகளுக்கான பாதுகாப்புகளை அணைத்துவிடும்படி சிலர் பரிந்துரைக்கின்றனர். இணையத்தில் உலாவும் கணினியில் இது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் முன்பின் அறியாதவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நம் செயலியில்தான் ஓடுகிறது; அந்தக் குறைபாடுகள் வழியே அது நம் தரவைப் படிக்க முயலக்கூடும்.

எனினும், காணொளித் தொகுப்புக்கு ஓப்பன்பிஎஸ்டி எனக்குப் போதவில்லை. ஒரு மணி நேரக் காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றக் காத்திருந்து சலித்து, அந்த வேலைக்கென லினக்ஸ் உள்ள மேசைக்கணினி ஒன்றை வாங்கினேன். வேலை அதில் விரைவாக முடிகிறது. பத்திரம் எதையும் அதற்கு நான் நகலெடுப்பதில்லை.