போஸ்ட்டாக்கா, கௌரவ விரிவுரையாளரா?

உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, பேராசிரியர் வேலையை மனதில் வைத்திருக்கும் மதுரைத் தம்பி தங்கைகள் கேட்பது இது: காமராசர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக (பட்டத்துக்குப் பிறகு தற்காலிக ஆய்வாளராக) இருப்பதா, ஊருக்குள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போவதா?

பணம்: போஸ்ட்டாக்தான் மேல். மத்திய அரசு ஆய்வுத் திட்டங்களில் போஸ்ட்டாக் நிலைப் பதவியான ஆராய்ச்சி அசோசியேட்டுக்கு 2023 முதல் மாதம் ரூ.58,000-இல் தொடங்குகிறது, வீட்டு வாடகைப்படி தனி. கல்லூரித் தொகுப்பூதியம் பொதுவாக இதைவிடக் குறைவு.

மதிப்பெண்: சமம். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில், உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைக்க ஆள் தேர்ந்தெடுக்கும்போது அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. கற்பித்தலோ போஸ்ட்டாக்கோ, கணக்கு ஒன்றுதான்.

பழக்கம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கும் புரியும்படி மைட்டோசிஸை (செல் பிரிதலை) சொல்வது, வெங்காய வேர்நுனி ஸ்லைடை எல்லோரையும் நேரத்துக்குள் போட வைப்பது, வினாத்தாள் எழுதுவது எல்லாம் வகுப்பில் நின்றால்தான் வரும். ஆய்வகத்தில் இருப்பவர்கள் வழிகாட்டியிடம் கேட்டு வாரம் 2 எம்.எஸ்சி. வகுப்பாவது வாங்கிக்கொள்ளுங்கள். பலர் கேட்பதே இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சரி, யாருக்கு எது? ஆய்வுக் கட்டுரைகள் குறைவு, பல்கலைக்கழகத் துறைதான் இலக்கு என்றால் போஸ்ட்டாக். கட்டுரைகள் போதும், விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட்டோ செட்டோ கையில் இருக்கிறது, இளநிலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால் கல்லூரிக்கே போங்கள்.