மா உருண்டையா, புளியங்கொட்டையா?

மாரி மழையில் பிள்ளைகளை முற்றத்தில் விட முடியாது. பார்த்துக்கொள்பவர்களுக்குக் கைகொடுக்க இரண்டு விளையாட்டு: உப்பு மா பிசைந்து உருட்டுவது, புளியங்கொட்டையால் பல்லாங்குழி ஆடுவது.

செலவு: 2 பேணி கோதுமை மா, 1 பேணி தூள் உப்பு, 1 பேணிக்குக் கிட்டத் தண்ணீர். பல்லாங்குழிக்குப் பலகை இல்லாவிட்டாலும் சரி, விறாந்தையில் வெண்கட்டியால் 14 வட்டம் கீறலாம்.

எவ்வளவு காலம் உழைக்கும்: பிசைந்த மா சில நாள், புளியங்கொட்டை வருடக்கணக்கில்.

வயது: இதுதான் முக்கியம். 3 வயதுக்குள் கொட்டையைக் காட்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். மாவிலும் உப்பு அதிகம், பிள்ளை வாயில் வைக்காதபடி பக்கத்திலேயே இருங்கள். ஆனால் இடியப்ப உரலில் பிழிய விட்டால், இழை இறங்க இறங்க அந்தச் சின்ன முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பள்ளிக்கூடம் போகிற இரண்டு பேர் என்றால் பல்லாங்குழி, எண்ணவும் பழகுவார்கள். தனிப் பிள்ளை, நாலு வயது என்றால் மாதான்.